அடுப்பு வந்தது, பாதுகாப்பு எங்கே?

"காஸ் கசிந்து தீப்பிடித்தது, தாயும் பிள்ளைகளும் கருகினர்." இப்படிச் செய்தி வரும்போதெல்லாம், 'பெண்ணின் அஜாக்கிரதையே காரணம்' என்று கூடவே ஒரு வரியும் வருகிறது. அத்துடன் விஷயம் முடிந்துவிடுகிறது. நாம் அப்படி முடித்துவிட முடியாது.

விறகுப் புகையில் கண்ணும் நெஞ்சும் கெட்ட நம் பெண்களுக்குக் காஸ் அடுப்பு பெரிய ஆறுதல். 2016ல் மத்திய சர்க்கார் தொடங்கிய உஜ்வலா திட்டம் அதைக் குடிசை வரை கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் அடுப்பு வந்த வீட்டில் அடுப்படி உண்டா? மில் தொழிலாளியின் லைன் வீடும், விவசாயத் தொழிலாளியின் குடிசையும் ஒற்றை அறைதான். சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே. காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். பாய் விரித்துப் பிள்ளைகள் உறங்குவதும் அதே தரையில்தான்!

ஆகவே, தோழர்களே, இரவு படுக்குமுன் ரெகுலேட்டரை மூடுங்கள். ரப்பர் குழாயில் வெடிப்பு கண்டால் அன்றே மாற்றுங்கள். ஐந்து ஆண்டுக்கு மேல் எந்தக் குழாயும் வேண்டாம். கசிவு பார்க்கத் தீக்குச்சி கிழிக்காதீர்கள். சோப்பு நீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். நாற்றம் வந்தால் மின்சார சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவைத் திறந்து, எல்லோரும் வெளியேறிய பிறகு 1906க்குப் போன் செய்யுங்கள்.

சிலிண்டரின் மேல்பட்டையில் 'பி-27' என்றிருந்தால், 2027 ஜூனுக்குள் அதை மறுபரிசோதனை செய்ய வேண்டும் என்று பொருள். ஏ, பி, சி, டி நான்கும் மும்மூன்று மாதங்களைக் குறிப்பவை. தவணை கடந்ததை வாங்காதீர்கள். 14.2 கிலோ எடையையும், வால்வில் கசிவு உண்டா என்பதையும் வாசலிலேயே பார்த்துத் தரச் சொல்லுங்கள். அது சலுகையல்ல, உங்கள் உரிமை. சிலிண்டர் சுமந்து வரும் தொழிலாளியிடம் கோபிக்காதீர்கள். அவரும் கூலிக்கு ஓடுகிறவர். கேள்வியை ஏஜென்சியிடம் கேளுங்கள்.

விபத்துக்கு எண்ணெய்க் கம்பெனிகள் இன்ஷூரன்ஸ் செய்துள்ளன. அதற்கு நாம் தனியாகப் பணம் கட்டுவதில்லை. எத்தனை ஏழைக் குடும்பங்களுக்கு இது தெரியும்? விபத்து நேர்ந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்; போலீஸிலும் பதிவு செய்யுங்கள்; ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

ஏழை வீடுகளுக்கு நல்ல குழாய் இலவசமாகத் தர வேண்டும்; பரிசோதனை ஏட்டளவில் நில்லாமல் வீடு தேடி வர வேண்டும்; தொழிலாளர் குடியிருப்புகளில் காற்றோட்டமுள்ள தனிச் சமையலறை வேண்டும். இவை நமது கோரிக்கைகள். அவை நிறைவேறும் வரை காத்திராமல், இந்த ஞாயிறே ஒவ்வொரு லைனிலும் சேரியிலும் நான்கு பேர் கூடி, வீடு வீடாகக் குழாயைப் பாருங்கள். ஒரு குழந்தை பிழைத்தாலும் அது நமது வெற்றியே!