'உயிர்ச்சேதம் இல்லை' என்ற செய்திக்குப் பின்னால்: லயன் தீயும் புகையுண்ட சுவாசமும்

மலையகத் தோட்டங்களில் லயன் குடியிருப்புகள் தீக்கிரையாகும் செய்தி ஆண்டுதோறும் பலமுறை பத்திரிகைகளில் வெளியாகின்றது. அச்செய்திகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இத்தனை வீடுகள் எரிந்தன, இத்தனை குடும்பங்கள் தோட்டப் பாடசாலையிலோ கலாசார மண்டபத்திலோ தங்கவைக்கப்பட்டுள்ளன, மின்னொழுக்கே காரணமாக இருக்கலாமெனப் பொலிஸார் சந்தேகிக்கின்றனர், உயிர்ச்சேதம் எதுவுமில்லை. கடைசி வாக்கியத்தை வாசித்ததும் வாசகரும் அதிகாரிகளும் ஒருசேர ஆறுதலடைகின்றனர். அந்த ஆறுதல் எவ்வளவு தூரம் நியாயமானது என்பது கேட்கப்படவேண்டிய கேள்வியாகும்.

தீ விபத்துகளில் மரணிப்போரில் பெரும்பாலானோரின் உயிரைப் பறிப்பது சுவாலை அல்ல, புகையே என்பது மருத்துவ உலகு நன்கறிந்த உண்மை. ஆனால் புகையை உள்ளிழுத்தவர் பல வேளைகளில் தன் கால்களாலேயே நடந்து வெளியே வந்துவிடுகின்றார். உடலில் கொப்புளம் இராது. இருமுவார், தண்ணீர் கேட்பார், எரிந்துகொண்டிருக்கும் வீட்டைப் பார்த்து மற்றவர்களைப் போலவே அழுவார். அவரது சுவாசப்பாதையின் உட்சுவரோ மெல்ல வீங்கத் தொடங்கியிருக்கும். அவ்வீக்கம் 12 முதல் 36 மணித்தியாலங்களுக்குள் உச்சநிலையை எட்டக்கூடும். செய்தியாளர் தமது குறிப்பை அனுப்பி முடித்து, கிராம உத்தியோகத்தர் பெயர்ப்பட்டியல் எடுத்துச் சென்ற பின்னர், பாடசாலை மண்டபத்தின் சீமெந்துத் தரையில் படுத்திருக்கும் ஒருவருக்கு நள்ளிரவில் மூச்சடைப்பது இவ்வாறுதான்.

றொசல்ல போன்ற ஒரு தோட்டப் பகுதியை எடுத்துக்கொள்வோம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில், ரயில் பாதையும் ஹட்டன் - கொழும்பு வீதியும் அருகருகே செல்லும் இடம் அது. அண்டையிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. மழையும் குளிரும் மிகுந்த இத்தகைய இடத்தில் லயன் அறையின் கதவும் யன்னலும் இரவில் திறந்திருப்பதில்லை. வெள்ளையர் காலத்தில் 10 அடிக்கு 12 அடி என்ற அளவில் கட்டப்பட்ட அறைகள். பல வீடுகளுக்கு ஒரே நெடுங்கூரை. தடுப்புச் சுவர் கூரைவரை எட்டாத இடங்களும் உண்டு. ஒரு வீட்டில் பற்றிய தீயின் புகை கூரையின் அடியாக ஓடி, நாலாவது வீட்டில் உறங்குபவரைத் தீ நெருங்கும் முன்னரே சென்றடைகின்றது.

முன்னர் அந்த அறைகளில் எரிந்தவை பலகையும் சாக்கும் பருத்தித் துணியுமாகும். இன்று பஞ்சணை மெத்தை, நைலோன் போர்வை, பிளாஸ்ரிக் கதிரை, ஒழுகலுக்குக் கூரையின் கீழ் கட்டிய பொலித்தீன் விரிப்பு ஆகியனவும் சேர்ந்து எரிகின்றன. செயற்கைப் பஞ்சும் நைலோனும் எரியும்போது காபனோரொட்சைட்டுடன் ஐதரசன் சயனைட்டு என்ற கொடிய நஞ்சும் வெளியேறுகின்றது. நமது பாட்டன்மார் சுவாசித்த புகையும் இன்றைய லயன் தீயின் புகையும் ஒன்றல்ல.

வெளியே வந்தவர்கள் மீண்டும் உள்ளே ஓடுவது ஏன் என்பதையும் சற்று எண்ணிப்பார்க்க வேண்டும். நகையும் பணமும் ஒரு காரணம்தான். ஆனால் றங்குப் பெட்டியில் இருக்கும் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் அதைவிடப் பெரிய காரணங்களாகும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்டு, 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரை பிரஜாவுரிமைக்காகக் காத்திருந்தோரைக் கொண்ட ஒரு சமூகம் கடதாசிக்காகத் தீக்குள் பாய்வதில் வியப்பில்லை. அவ்வாறு மீண்டும் உள்ளே நுழையும் இரண்டு மூன்று நிமிடங்களே சுவாசப்பாதையைச் சுட்டுவிடப் போதுமானவை. தொலைந்த அடையாள அட்டைக்குப் பிரதி பெறலாம் என்பதைத் தோட்டந்தோறும் சொல்லிவைப்பதும் ஒருவகைத் தீப்பாதுகாப்பே.

புகையினால் ஏற்படும் பாதிப்பு மூவகைப்பட்டது. முதலாவது வெப்பத்தினால் வாய், தொண்டை, குரல்வளை ஆகியவை வெந்து வீங்குவது. சூடான காற்றின் வெப்பத்தைத் தொண்டையே பெரும்பாலும் வாங்கிக்கொள்வதால் இக்காயம் பொதுவாகக் குரல்வளைக்கு மேலேயே நின்றுவிடுகின்றது. ஆனால் வீங்கும் இடம் மூச்சுக்கான ஒரே வாசல் என்பதே ஆபத்து. இரண்டாவது, கரித்துகளுடன் ஒட்டிச்செல்லும் இரசாயனங்கள் நுரையீரலின் சிறு குழாய்களை அரிப்பது. இது மூச்சிரைப்பாகவும் சில நாட்களின் பின்னர் நிமோனியாவாகவும் வெளிப்படும். மூன்றாவது, காபனோரொட்சைட்டும் சயனைட்டும் குருதி வழியாக மூளையையும் இதயத்தையும் தாக்குவது. குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகக் காபனோரொட்சைட்டைப் பற்றிக்கொள்கின்றது. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு தன் வருகையை அறிவிப்பதில்லை.

இவ்வாறு பாதிக்கப்பட்டவரை இனங்காண்பதற்கு முதற்கட்டத்தில் பெரிய கருவிகள் தேவையில்லை. மூடிய அறைக்குள் புகையில் இருந்தாரா என்ற கேள்வியே முதற் சோதனை. முகத்திலும் கழுத்திலும் தீக்காயம், கருகிய புருவமும் மூக்கு மயிரும், வாயிலும் நாசியிலும் கரி, கறுத்த சளி ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அடையாளங்கள். இவற்றைவிட முக்கியமானது குரல். சற்று முன் வழமையாகப் பேசியவரின் குரல் கரகரத்தாலோ, எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, மூச்சை உள்ளிழுக்கும்போது கீச்சென்ற ஒலி எழுந்தாலோ வாசல் அடைபடத் தொடங்கிவிட்டது என்றே பொருள். தலையிடி, வாந்தி, மயக்கம், குழப்பமான பேச்சு என்பன நச்சுவாயுவின் அடையாளங்கள். தீ அணைக்கும்போது கோபமாகவோ தடுமாறியோ நடந்துகொள்பவரைக் குடித்திருக்கிறார் என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது உயிராபத்தானது.

வேறொரு தடையும் இருக்கின்றது. விறகடுப்பின் புகையில் வாழ்நாள் முழுவதும் நின்று சமைக்கும் தாய்மார்களுக்கு இருமல் ஒரு நோயாகவே தெரிவதில்லை. "புகைதானே" என்று சொல்லிவிட்டு மறுநாள் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். போகாவிட்டால் ஒரு நாள் பெயர் இல்லாமற் போகும். 2022 இல் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காத நாட்களில் விறகுக்குத் திரும்பிய வீடுகளும் பல.

கொவிட் காலத்தின் பின்னர் விரலில் மாட்டி ஒட்சிசன் அளவு பார்க்கும் ஒக்சிமீற்றர் கருவி சிறு மருந்தகங்களிலும் சில வீடுகளிலும்கூட இருக்கின்றது. நல்லதுதான். ஆனால் புகையுண்டவர் விடயத்தில் அக்கருவி ஏமாற்றிவிடும். காபனோரொட்சைட்டு பற்றிய குருதிக்கும் ஒட்சிசன் பற்றிய குருதிக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைச் சாதாரண ஒக்சிமீற்றர் அறியாது. உயிருக்குப் போராடுபவருக்கும் அது 98 என்று காட்டக்கூடும். அவ்வெண்ணை நம்பி ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது பாரதூரமான தவறாகும். உண்மை நிலையை அறிவதற்கு வைத்தியசாலையில் செய்யப்படும் குருதிப் பரிசோதனை அவசியம்.

முதற் சிகிச்சை எளிமையானது, ஆனால் உடனடியாகத் தரப்படவேண்டியது. தூய காற்றுள்ள இடத்துக்குக் கொண்டுவந்து, விழிப்புடன் இருப்பவரை நிமிர்த்தி உட்கார வைக்கவேண்டும்; மல்லாக்கப் படுக்கவைத்தால் வீங்கிய தொண்டை மேலும் அடைபடும். நினைவின்றி மூச்சு விடுபவரை ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். உணவோ பானமோ கொடுக்கலாகாது. தோலில் தீக்காயம் இருப்பின் ஓடும் குளிர்நீரில் 20 நிமிடம் வரை காயத்தை மாத்திரம் குளிரவைத்து, மற்ற உடலைப் போர்த்தி வைக்கவேண்டும். மலைநாட்டுக் குளிரில் நனைந்த உடலின் வெப்பம் விரைவில் இறங்கிவிடும். பற்பசை, முட்டை, எண்ணெய் எதுவும் வேண்டாம். இவற்றோடு மருந்தென்று ஒன்றிருந்தால் அது ஒட்சிசன். சாதாரண காற்றில் குருதியிலுள்ள காபனோரொட்சைட்டு பாதியாகக் குறைவதற்கு 4 முதல் 5 மணித்தியாலங்கள் எடுக்கும். சேமிப்புப் பை பொருத்திய முகமூடி வழியாக நிமிடத்துக்கு 15 லீற்றர் அளவில் ஒட்சிசன் கொடுத்தால் அது ஒன்று அல்லது ஒன்றரை மணித்தியாலமாகச் சுருங்குகின்றது. கர்ப்பிணிகளுக்கு இச்சிகிச்சையை நீண்ட நேரம் தொடரவேண்டும். தாயின் குருதி தெளிந்த பின்னரும் சிசுவின் குருதியில் நஞ்சு தங்கிநிற்கும்.

வைத்தியசாலையில் எடுக்கப்படும் மிக முக்கியமான தீர்மானம், தொண்டை முற்றாக அடைபடும் முன்னரே சுவாசக் குழாய் செலுத்துவதா என்பதாகும். ஒரு மணித்தியாலம் முன்னர் எளிதாகச் சென்றிருக்கக்கூடிய குழாய், வீக்கம் முற்றிய பின்னர் செல்லாது. கழுத்தில் துளையிடுவதைத் தவிர வழியிராது. உட்காயத்தின் அளவை உள்நோக்குக் கருவியால் பார்த்தறிவதும், அடைத்த சளியை அகற்றுவதும், மூச்சுக்குழாய் விரிய ஆவி மருந்து கொடுப்பதும் தொடரும் சிகிச்சைகள். சயனைட்டு நஞ்சுக்கு ஐதரொக்சோகோபாலமின் என்ற மாற்று மருந்து உண்டு. 2013 ஜனவரியில் பிரேசிலின் சாந்தா மரியா நகரில் 242 பேரைப் பலிகொண்ட கேளிக்கை விடுதித் தீயின் பின்னர் அம்மருந்து அமெரிக்காவிலிருந்து விமானத்தில் வரவழைக்கப்படவேண்டியிருந்தது. முன்கூட்டியே நுண்ணுயிர் கொல்லிகளையோ ஸ்ரெரொயிட்டையோ வழக்கமாகக் கொடுப்பதால் பயனில்லை என்பதும் இன்று ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது.

இவ்வறிவு புதிதல்ல. 1942 நவம்பரில் பொஸ்டன் நகரின் கொக்கநட் குரோவ் விடுதி எரிந்து 492 பேர் மாண்டபோது, தோலில் அதிகக் காயமின்றி நுரையீரல் பாதிப்பால் இறந்தவர்களைக் கண்ட வைத்தியர்கள் இதனை எழுதிவைத்தனர். 2011 டிசம்பரில் கொல்கத்தாவின் அம்ரி வைத்தியசாலையில் நிலக்கீழ்த் தளத்தில் பற்றிய தீ மேல்மாடி நோயாளர்களைத் தொடவேயில்லை. புகையே சுமார் 90 பேரைக் கொன்றது. 2024 ஜூன் 12 ஆம் திகதி குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் விடுதியில் அதிகாலைத் தீயில் இறந்த இந்தியர்களில் தமிழ்நாட்டவரும் இருந்தனர். பெரும்பாலானோர் உறக்கத்தில் புகையால் மூச்சுத்திணறியவர்கள். நமது தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் பிள்ளைகளும் வளைகுடாவில் இத்தகைய விடுதிகளிலேயே உறங்குகின்றனர்.

றொசல்லயில் ஒருவர் புகையுண்டால் எங்கே செல்வார்? ஒருபுறம் டிக்கோயா ஆதார வைத்தியசாலை. இந்திய உதவியில் கட்டப்பட்ட அதன் கட்டடத்தை 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் திறந்துவைத்தார். மறுபுறம் நாவலப்பிட்டி வைத்தியசாலை. அதற்கப்பால் நுவரெலியா, கண்டி. 1990 என்ற கட்டணமற்ற இலக்கத்தில் சுவசெரிய அம்பியூலன்ஸ் சேவையும் உண்டு. அது பெரிய ஆறுதல் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் பிரதான வீதியிலிருந்து லயத்துக்கு ஏறும் தோட்டப் பாதையில் இரவு மழையில் எந்த வாகனமும் விரைந்து செல்லாது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதைகளை எவ்வாறு துண்டித்தது என்பதைக் கண்ணாற் கண்டோம். ஆகவே முதல் ஒரு மணித்தியாலம் தோட்டத்தின் கையிலேயே இருக்கின்றது.

அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் தோட்ட மருந்தகம் தயாராக உள்ளதா? நிரப்பப்பட்ட ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று, பை பொருத்திய முகமூடி பெரியோருக்கும் சிறுவருக்குமாகச் சில, அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவர். கேட்பது இவ்வளவுதான். தோட்ட வைத்திய உதவியாளருக்கும், பிள்ளைக் காம்பரா பொறுப்பாளருக்கும், குடும்ப நல உத்தியோகத்தருக்கும் அரை நாள் பயிற்சி போதும். இதனைச் செய்யவேண்டியது பெருந்தோட்டக் கம்பனியா, சுகாதார அமைச்சா என்ற பழைய இழுபறியில் இன்னும் காலம் கடத்துவது அநீதி. லயன் முறையை ஒழித்துத் தனி வீடு கட்டுவதே நிரந்தரத் தீர்வு என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுத்திட்டங்களின் வேகத்தைப் பார்க்கையில், லயன்களில் இன்னும் பல ஆண்டுகள் மக்கள் உறங்கத்தான் போகின்றனர்.

தீ இல்லாமலேயே இதே நஞ்சு வீட்டுக்குள் வருவதும் உண்டு. குளிருக்காகத் தணற்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவடைத்து உறங்குவது, பிள்ளை பெற்ற தாயின் மூடிய அறையில் கரித்தணலை விட்டுவைப்பது ஆகியவை காபனோரொட்சைட்டை நிரப்பக்கூடியவை. காலையில் வீட்டிலுள்ள எல்லோருக்கும் ஒரேவிதமான தலையிடி இருந்தால் தடிமன் என்று எண்ணாமல் முதலில் கதவைத் திறக்கவேண்டும். ஹட்டன் போன்ற நகரங்களில் கீழே புடைவைக் கடையும் மேலே குடியிருப்புமாக வாழ்வோருக்கு, கீழ்க்கடையின் புகை படிக்கட்டு வழியே ஏறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

லயன் எரிந்த மறுநாள் கோவில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தகர்களும் சோற்றுப் பார்சலுடனும் உடுப்புடனும் முதலில் வந்துசேர்வது மலையகத்தின் நல்ல வழக்கம். அவர்கள் பார்சல் கொடுக்கும்போதே ஒவ்வொருவரிடமும் இரண்டு வார்த்தை பேச்சுக் கொடுக்கலாம். குரல் கரகரப்பவரையும், பேசி முடிக்குமுன் மூச்சு வாங்குபவரையும், கரி கலந்த சளி துப்புபவரையும் அந்த வாகனத்திலேயே ஏற்றி வைத்தியசாலைக்கு அனுப்பலாம். முதல் நாள் தப்பியவரிடமும் சில வாரங்கள் வரை மறதி, நடைத் தடுமாற்றம், குணமாற்றம் தோன்றுகின்றதா என்று வீட்டார் கவனிக்கவேண்டும். காபனோரொட்சைட்டு மூளையில் விட்டுச்செல்லும் பாதிப்பு தாமதித்தும் வெளிப்படும். கிராம உத்தியோகத்தரின் சேதப் பட்டியலில் எரிந்த கட்டில், அலுமாரி, தொலைக்காட்சிப் பெட்டி ஆகியவற்றுக்கு நிரல் இருக்கின்றது. புகைக்குள் இருந்து வந்தவர்களின் பெயருக்கும், அவர்கள் எந்த வைத்தியசாலையில் பரிசோதிக்கப்பட்டனர் என்பதற்கும் இன்னும் ஒரு நிரலைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டமோ மேலதிக நிதியோ தேவையில்லை. பிரதேச செயலாளரின் ஒரு சுற்றறிக்கை போதும்.