சிறுமொழிகளின் உரிமை

ஆள்வோர் மொழி வேறு, மக்கள் மொழி வேறு என்னும் நிலையை நெடுங்காலம் கண்ட நகரம் புதுச்சேரி. பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின், 1965ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை அங்கு ஆட்சிமொழி ஆக்கியது. அச்சட்டமே மாகேயில் மலையாளத்திற்கும் ஏனாமில் தெலுங்கிற்கும் இடமளித்தது. பேசுவோர் தொகை சிறிதாயினும் அவர்தம் மொழிக்கு உரிமை உண்டு என்பதே இதன் உட்பொருள். இந்நீதி தமிழின் மலைவாழ் உறவுமொழிகளையும் சென்றடைய வேண்டும்.

பப்புவா நியூ கினியின் உயர்மலைகளில் உறவுமொழிகள் பல அடுத்தடுத்து வாழ்கின்றன. நீலகிரியும் அத்தகையதே. தோடர், கோத்தர், இருளர், குறும்பர், படகர் ஆகியோர் பேசுவன அனைத்தும் திராவிட மொழிகள். அவற்றுள் தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் பேசுவோர் தனித்தனியே ஓரிரு ஆயிரவரே.

இவற்றைச் சிதைந்த தமிழ் என எண்ணுவோர் உளர். அது பிழை. தமிழின் ‘கண்’ தோடரிடம் ‘கொண்’ ஆகிறது. ‘கை’ ‘கொய்’ ஆகிறது. இம்மாற்றத்தில் ஓர் ஒழுங்கு உள்ளது. சிதைவில் ஒழுங்கு இராது. தமிழில் ‘செவி’ எனப்படுவது கன்னடத்தில் ‘கிவி’. கோத்தர் மொழியில் ‘கெவ்’. மூலத் திராவிடத்தின் ககரமே தமிழில் இங்ஙனம் சகரமாயிற்று என்பர் மொழியியலார். தமிழ் கைவிட்ட தொல்லொலியை ஒரு சிறுகுடி காத்து வருகிறது. அம்மொழி மறையுமாயின் தமிழின் வரலாற்றுச் சான்று ஒன்றும் உடன் மறையும்.

அறிஞர் இதனை உணர்ந்திருந்தனர். 1930களில் நீலகிரியில் களப்பணி செய்த எமனோ, தோடர் பாடல்களைத் தொகுத்து 1971இல் நூலாக்கினார். செக் நாட்டறிஞர் கமில் சுவலபில் இருளர் மொழியை ஆராய்ந்தார். அவர் எழுதிய திராவிட மொழியியல் அறிமுக நூலைப் புதுச்சேரி மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் வெளியிட்டது.

எனினும், நூலில் இருப்பது மொழியின் பதிவே. அதன் உயிர் குழந்தையின் நாவில் உள்ளது. பள்ளியிலும் சந்தையிலும் அலுவலகத்திலும் பயன்படாத மொழியைப் பெற்றோர் மெல்லக் கைவிடுகின்றனர். பதினாயிரவர்க்குக் குறைந்தோர் பேசும் மொழிகள் மக்கள்தொகைக் கணக்கின் மொழிப்பட்டியலில் தனிப்பெயர் பெறுவதுமில்லை.

பிழைப்புக்குத் தமிழும் ஆங்கிலமும் போதாவோ என்னும் வினா எழலாம். அவை தேவையே. ஆனால் ஒன்றைக் கற்க மற்றொன்றை இழக்க வேண்டுவதில்லை. மலைமக்கள் பன்னெடுங்காலமாகப் பல மொழி பேசி வாழ்ந்தவர்கள். மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்பின் 350அ உறுப்பு. தமிழெழுத்தில் எழுதப்பட்ட எளிய கதைநூல்கள், அம்மொழியறிந்த ஆசிரியர், மூத்தோர் பாடல்களின் ஒலிப்பதிவு ஆகியன முதற்படியாக அமையலாம்.

தன் மொழிக்கு உரிமை வேண்டிய சமுதாயம், தன்னினும் சிறிய மொழிக்கு அவ்வுரிமையை வழங்கும்போதே அவ்வேண்டுகை அறமாகிறது.