மறையும் காரும் தெமோதரை வளைவும்

இலங்கையில் பதுளைக்கு இறங்கும் ரயில் தெமோதரை நிலையத்தைக் கடந்ததும் மலையைச் சுற்றி வந்து, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. சினிமாவில் வந்தால் காதில் பூச்சுற்றுகிறார்கள் என்போம். ஊவாத் தோட்டத்து மக்களுக்கோ அது அன்றாடப் பயணம். ரயிலால் செங்குத்தாக இறங்க முடியாது, சுற்றித்தான் ஆக வேண்டும் என்ற காரணம் கண்ணெதிரே தெரிவதால் யாரும் சந்தேகிப்பதில்லை. ஆக, ஒன்றை நம்ப வைப்பது அதன் எளிமையல்ல, அதற்குள் இருக்கும் காரணமும் கட்டுப்பாடும்தான்.

ஜேம்ஸ் பாண்ட் படத் தொடர் தடுமாறியதும் இந்தக் கட்டுப்பாட்டைக் கைவிட்டபோதுதான். 1963ஆம் ஆண்டுப் படத்தில் பாண்டுக்குக் கிடைப்பது ஒரு கைப்பெட்டி. உள்ளே கத்தி, தங்க நாணயம், கண்ணீர்ப்புகை. முறையில்லாமல் திறந்தால் வெடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்; ரயில் சண்டையில் அந்த விதியே அவர் உயிரைக் காக்கிறது. 2002ஆம் ஆண்டுப் படத்தில் அவருடைய கார் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தபோது ஆபத்தும் கூடவே மறைந்துவிட்டது. பொழுதுபோக்குப் படத்தில் லாஜிக் எதற்கு, அந்தப் படமும் வசூலை அள்ளியதே என்று கேட்கலாம். அள்ளியது உண்மை. ஆனாலும் 2006இல் தயாரிப்பாளர்களே கருவி தரும் ‘கியூ’ பாத்திரத்தை விட்டுவிட்டு, அடிவாங்கி ரத்தம் சிந்தும் பாண்டிடம் திரும்பினார்கள். நம் தமிழ் நடிகர் ஜெய்சங்கரின் துப்பறியும் படங்களுக்கு அவ்வளவு பணமில்லை. அதனாலேயே அவர் ஓடியும் குதித்தும் தப்ப வேண்டியிருந்தது. அது குறையென்று எனக்குத் தோன்றவில்லை.