பழுதுபார்க்கும் உரிமை படகுக்கும் வேண்டும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் 2023இல் ஒரு நல்ல சட்டத்தை நிறைவேற்றியது. மின்னணுப் பொருள்களைச் செய்து விற்கும் நிறுவனங்கள், அவற்றைப் பழுதுபார்க்கத் தேவையான கையேடு, உதிரிபாகம், கருவி ஆகியவற்றை வாங்கியவருக்கும் வெளியே இருக்கும் மெக்கானிக்குக்கும் நியாயமான நிபந்தனையில் கொடுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆனால், விலக்குப் பட்டியல் நீளமானது. கார், டிராக்டர், மருத்துவக் கருவி, வீடியோ கேம் கருவி என்று போகும் அந்தப் பட்டியலில் படகும் இருக்கிறது. ‘பத்தாயிரம் ஏரிகள்’ என்று வண்டிகளின் நம்பர் பிளேட்டிலேயே பொறித்திருக்கும் மாநிலம் இது. இங்கே படகை விலக்கி வைத்தது பெரிய தவறு. அந்த விலக்கு நீங்க வேண்டும்.

நான் குமரி மாவட்டத்துக் கடற்கரையில் வளர்ந்தவன். இப்போது மின்னசோட்டாவின் செயின்ட் கிளவுட் நகரில், ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். 1990களில் செய்த பான்டூன் படகு ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் வேலை அத்தனையையும் முடிந்தவரை நானே பார்க்கிறேன். அந்த அனுபவத்திலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

பான்டூன் படகு பிறந்ததும் எங்கள் பக்கத்தில்தான். செயின்ட் கிளவுடுக்கு அருகில் ரிச்மண்ட் என்று ஒரு சிற்றூர். அங்கே விவசாயம் பார்த்துவந்த ஆம்ப்ரோஸ் வீர்ஸ், 1950களின் தொடக்கத்தில் இரும்புப் பீப்பாய்களை வரிசையாகப் பற்றவைத்து இரண்டு நீண்ட மிதவைகளாக்கினார். மேலே மரத்தளம் அமைத்து ஏரியில் இறக்கினார். இன்று அமெரிக்க ஏரிகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் ஏறிப்போகும் பான்டூன் படகுத் தொழில் அந்தப் பீப்பாய்களிலிருந்து வளர்ந்தது. ஒரு விவசாயி தன் கையால் உருவாக்கிய பொருள் இது. அதைக் கழற்றிப் பார்க்கும் உரிமையும் சாதாரண மனிதருக்கு இருக்க வேண்டும்.

இதன் அமைப்பு எளிமையானது. பீப்பாய்க்குப் பதிலாக இப்போது அலுமினியக் குழாய்கள். விட்டம் ஏறக்குறைய இரண்டடி. பெரும்பாலானவற்றில் உள்ளே தடுப்பு வைத்துத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருப்பார்கள். ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்றவை படகைத் தாங்கும். குழாய்களுக்கு மேல் குறுக்குச் சட்டங்கள், அவற்றின் மேல் முக்கால் அங்குல ஒட்டுப்பலகை, அதன்மேல் கம்பளம், ரெக்சின் இருக்கைகள், சுற்றிலும் அலுமினிய வேலி, பின்னால் அவுட்போர்டு எஞ்சின். நன்னீரில் அலுமினியம் பல பத்தாண்டுகள் உழைக்கும். கெட்டுப்போவது மரமும் ரெக்சினும் ரப்பரும்தான். அவற்றை மாற்றுவது, பொறுமை உள்ள எவராலும் முடிகிற காரியம். இருபது, முப்பது ஆண்டு ஆன படகைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை.

தரையை எடுத்துக்கொள்வோம். கம்பளத்தின் மேல் வெறுங்காலோடு நடக்கும்போது ஓரிடத்தில் அமுங்கினால் அடியில் பலகை இற்றுவிட்டது என்று பொருள். இருக்கைகளையும் வேலியையும் கழற்றி, ஒவ்வொரு போல்ட்டும் எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்துவைத்துக்கொண்டு, பழைய பலகையை அகற்ற வேண்டும். புதுப் பலகை வாங்கும் இடத்தில்தான் கவனம் தேவை. வீட்டுத் தாழ்வாரத்துக்காகக் கடைகளில் விற்கும் பதப்படுத்திய பலகையில் செம்புச் சேர்மம் ஏறியிருக்கும். அது ஈரத்தில் அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் உலோகத்தை அரித்துவிடும். செம்பு கலந்த பாசித் தடுப்புப் பெயின்ட்டை அலுமினியக் குழாயில் அடிக்கக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான். படகுக்கென்று செய்த ஒட்டுப்பலகையை வாங்கி, வெட்டிய ஓரங்களுக்கும் துளையிட்ட இடங்களுக்கும் எபாக்ஸி பூசி, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டால் இறுக்கினால் தரை நெடுநாள் நிற்கும். மேலே மீண்டும் கம்பளம் போடாமல் வினைல் விரிப்பு ஒட்டுவது நல்லது. கம்பளம் தண்ணீரைக் குடித்துவைத்துக்கொண்டு மரத்தை அழுகச் செய்யும்.

அடுத்தது குழாய். படகு நிற்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. படகைக் கரையேற்றி, வடித்து, சைக்கிள் பம்பு அளவுக்கு மெல்லிய காற்றை உள்ளே செலுத்தி, பற்றவைத்த தையல் நெடுகிலும் சோப்புத் தண்ணீர் தடவினால் ஓட்டை குமிழி விட்டுக் காட்டிக்கொடுக்கும். சதுர அங்குலத்துக்கு 2, 3 பவுண்டு அழுத்தமே போதும். கம்ப்ரசரை அப்படியே திறந்துவிட்டால் நல்ல தையலும் பிளந்துபோகும். ஓட்டையைக் கண்டுபிடிப்பது என் வேலை. அதை அடைப்பது அலுமினியம் பற்றவைக்கத் தெரிந்த வெல்டரின் வேலை. இந்த எல்லையை அறிவதும் பழுதுபார்ப்பில் ஒரு பாதி.

எஞ்சினுக்கு வருவோம். ஏரித் தண்ணீரை இழுத்து எஞ்சினைக் குளிர்விப்பது, பம்புக்குள் இருக்கும் சிறிய ரப்பர் விசிறி. அது இறுகி வெடித்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். பின்புறம் பீய்ச்சும் தண்ணீர்த் தாரை மெலிந்தால் விசிறியைப் பார்த்துவிட வேண்டும். புரொபெல்லரைக் கழற்றினால், அச்சில் தூண்டில் நரம்பு சுற்றியிருப்பதை அடிக்கடி காணலாம். அந்த நரம்பு ரப்பர் சீலை அறுக்கும். கியர் ஆயிலில் தண்ணீர் கலந்து பால் நிறமாகும். இங்கே குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ்வரைகூட இறங்கும். உறையும் தண்ணீர் ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். கியர் பெட்டியில் தங்கிய தண்ணீர் உறைந்தால் பெட்டியே விரிசல் விடும். அதனால் ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் பழைய ஆயிலை வடித்துப் பார்க்கிறேன். ஒரு குப்பி ஆயிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் போதுமான இந்த வேலை, பல ஆயிரம் டாலர் எஞ்சினைக் காப்பாற்றுகிறது.

இத்தனையையும் நான் பார்க்க முடிவது, என் எஞ்சின் பழைய கார்பரேட்டர் எஞ்சின் என்பதால். புதிய எஞ்சின்களின் கதை வேறு. அவற்றில் கணினி இருக்கிறது. ஏதோ ஒரு சென்சார் தவறினால் ஒலி எழுப்பி, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என்ன கோளாறு என்பதை முழுமையாகப் படிக்க வேண்டுமானால் நிறுவனத்தின் மென்பொருள் வேண்டும். அது பெரும்பாலும் டீலரிடம் மட்டுமே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரரின் எஞ்சின் கோடையின் நடுவில் இப்படி நின்றது. டீலரிடம் வரிசை. இங்கே ஏரிகளில் பனி உருகுவது ஏப்ரலில். அக்டோபரில் படகைக் கரையேற்றிவிட வேண்டும். இந்தக் குறுகிய பருவத்தில் வாரக்கணக்கில் காத்திருந்துதான், மாற்ற வேண்டியது ஒரு சிறு சென்சார் என்று அவருக்குத் தெரியவந்தது. அவரே மாற்றியிருக்கலாம், கோளாறின் பெயர் தெரிந்திருந்தால்.

படகு உயிர் சம்பந்தப்பட்டது, கண்டவர்களும் கை வைத்தால் ஆபத்து என்பது நிறுவனங்களின் வாதம். அந்தக் கவலையை நான் மதிக்கிறேன். 2015இல் இங்கே மின்னடோங்கா ஏரியில் சோஃபியா என்ற ஏழு வயதுச் சிறுமி, படகின் புகைக்குழாயில் விழுந்திருந்த ஓட்டை வழியே கசிந்த கார்பன் மோனாக்ஸைடால் இறந்துபோனாள். மூடிய அறையுள்ள படகுகளில் அந்த வாயுவைக் கண்டறியும் கருவி கட்டாயம் என்ற ‘சோஃபியா சட்டம்’ 2018 மே முதல் நடைமுறைக்கு வந்தது. எனக்கு இதிலிருந்து தெரிவது, படகின் ஒவ்வொரு குழாயையும் அடிக்கடி குனிந்து பார்க்கும் கண்கள் வேண்டும் என்பதே. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்கும் டீலரைவிட, வாரந்தோறும் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தகப்பனுக்கு அந்தக் கண்கள் இருப்பது மேல். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் கையேடு அவர் கையில் இருக்க வேண்டும். பெட்ரோல் குழாய்க்குப் படகுக்கென்று சான்றளித்த ரப்பரையே போட வேண்டும் என்பது போன்ற எச்சரிக்கைகளும் அதில்தான் இருக்கின்றன. கையேட்டைப் பூட்டிவைத்தால், மனிதர்கள் பழுதுபார்ப்பதை நிறுத்த மாட்டார்கள், தெரியாமல் பழுதுபார்ப்பார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஏரிக்கு ஏரி பரவிக் கேடு செய்யும் வரிக்குதிரைச் சிப்பியைத் தடுக்க, படகை வண்டியில் ஏற்றியதும் ஒட்டியிருக்கும் செடிகொடிகளை நீக்கி, வடிகால் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும் என்கிறது மின்னசோட்டா சட்டம். மீறினால் அபராதம். இது சரியான சட்டம். படகின் மூலைமுடுக்குகளுக்கு உரிமையாளரைப் பொறுப்பாக்கும் அரசு, எஞ்சினின் உள்ளே இருப்பதை அறியும் உரிமையையும் அவருக்கு வாங்கிக் கொடுக்க வேண்டும்.

முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை. மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து, காருக்குப் பழுதுபார்க்கும் உரிமையைச் சட்டமாக்கினார்கள். 2014இல் கார் நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் அதே வசதியைத் தர ஒப்புக்கொண்டன. கொலராடோ 2023இல் வேளாண் இயந்திரங்களுக்குச் சட்டம் இயற்றியது. அடுத்து வர வேண்டியது படகு.

தமிழ்நாட்டுப் பத்திரிகையில் இதை எழுதக் காரணம் இருக்கிறது. என் சித்தப்பா குளச்சலில் அவுட்போர்டு எஞ்சின் மெக்கானிக்காக இருந்தார். வள்ளம் கரைக்கு வந்ததும் மணலிலேயே எஞ்சினை இறக்கி, பிரித்து, மறுநாள் விடிவதற்குள் கடலுக்கு அனுப்பிவிடுவார். “எஞ்சினு சொல்லுகத முதல்ல கேளு மக்களே, பொறவு ஸ்பேனர எடு” என்பார். என் கைக்குத் தெரிந்த வேலையெல்லாம் அவர் போட்ட அடித்தளம். எனக்குப் படகு ஓய்வுநாள் இன்பம். எஞ்சின் நின்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். குளச்சல் மீனவருக்கு எஞ்சின் நின்றால் அன்றைய வருமானம் போகும். நடுக்கடலில் நின்றால் உயிரே ஆபத்தில். கணினி வைத்த எஞ்சின்கள் நம் கடற்கரையில் பெருகும்போது, சித்தப்பாவைப் போன்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

இந்திய அரசு 2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் நாளில், பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை அது எடுத்துக்கொண்டது. மீனவரின் படகு எஞ்சின் அதில் தனித் துறையாக இல்லை. அதைச் சேர்க்க வேண்டும். அவுட்போர்டு எஞ்சின் விற்கும் ஒவ்வொரு நிறுவனமும் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழிலும் வெளியிட வேண்டும்; கோளாறு படிக்கும் கருவியை வெளி மெக்கானிக்குக்கும் விற்க வேண்டும். எஞ்சின் வாங்க மானியம் தரும் அரசுக்கு இந்த நிபந்தனையை விதிக்க முழு அதிகாரம் உண்டு. மீன்வளத் துறையும் மீனவர் சங்கங்களும் அடுத்த மானிய அறிவிப்பிலேயே இதைக் கேட்டுப் பெற வேண்டும்.