அழுக்குக்கு ஒரு கேன்

கும்மிடிப்பூண்டியில் நான் வண்டி விடும் மெக்கானிக் கடை, ஜி.என்.டி. சாலையிலிருந்து சிப்காட் பக்கம் திரும்பினால் கூப்பிடு தூரம். தகரக் கூரை, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள், வாசலில் ஒரு பழைய பெயின்ட் வாளி. வாளியில் பாதிக்கு மண்ணெண்ணெய். அதில் மயிர் உதிர்ந்த பிரஷ் ஒன்று. கார்புரேட்டர், பிஸ்டன், செயின் என்று பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் அதுதான் குளியல் தொட்டி. காலையில் கடை திறக்கும்போது டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். பொழுது சாய்வதற்குள் டிகாக்‌ஷன் ஆகிவிடும்.

வருகிற வண்டிகள் பெரும்பாலும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுடையவை. உருக்காலைகளும் ரோலிங் மில்களும் நிறைந்த ஊர் இது. இரும்புத் தூசி, லாரிகள் கிளப்பும் மண், செயினிலிருந்து தெறிக்கும் எண்ணெய் மூன்றும் குழைந்து எஞ்சின் மேல் வடை மாவு மாதிரி அப்பிக்கொள்ளும். அதைச் சுரண்டிச் சுரண்டி, மண்ணெண்ணெயில் ஊறி ஊறி, கடைக்காரத் தம்பியின் உள்ளங்கைத் தோல் கார்த்திகை மாதத்துக் குதிகால்போல வெடித்துக் கிடக்கிறது.

"அண்ணே, அல்ட்ராசானிக் மெஷின் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன். நீங்க கம்பெனியில மெயின்டனன்ஸ் பார்த்தவருதானே, எது நல்லதுன்னு சொல்லுங்க" என்று போனை நீட்டினான். ஆறு லிட்டர், பத்து லிட்டர், முப்பது லிட்டர். எல்லாம் ஒரே மாதிரி பளபளக்கும் எவர்சில்வர் பெட்டிகள். "பெருசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல?"

பெட்டி வேலை செய்யும் விதத்தை முதலில் சொன்னேன். தொட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் டிரான்ஸ்டியூசர்கள் விநாடிக்கு 40,000 தடவை அதிரும். மனிதக் காதுக்கு எட்டுவது 20,000 வரைதான். அந்த அதிர்வில் தண்ணீர் இழுபட்டு, கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி, உண்டான வேகத்திலேயே நசுங்குகின்றன. நசுங்கும் இடத்தில் ஊசிமுனை அளவுக்கு நீர் பாய்ந்து அழுக்கைக் குத்திப் பெயர்க்கிறது. பிரஷ் போகாத பொந்துக்குள்ளும் தண்ணீர் போகும். தண்ணீர் போன இடத்துக்கெல்லாம் குமிழியும் போகும்.

கப்பல்காரர்களுக்கு இந்தக் குமிழி பழைய எதிரி. கப்பல் சுழலிகளை அரித்துப் பொத்தலாக்கியது இதுதான். குமிழி நசுங்கும்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கிறது என்று 1917இல் கணக்குப் போட்டுக் காட்டினார் ராலே பிரபு. அதே முதல் உலகப்போர்க் காலத்தில், நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகக் குவார்ட்ஸ் படிகத்தை உலோகத் தகடுகளுக்கு நடுவே வைத்து அதிரவிட்டார் பிரெஞ்சு விஞ்ஞானி பால் லாஞ்சவான். இன்றைக்குப் பெட்டியின் அடியில் போல்ட்டு போட்டு முறுக்கியிருப்பது அந்தக் கருவியின் பேரப்பிள்ளை. தம்பி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சரிண்ணே, எத்தனை லிட்டர்?" என்றான்.

"மாசத்துக்கு எத்தனை கிராங்க் கேஸ் பிரிக்கிறே?"

"ரெண்டு, மூணு."

"கார்புரேட்டர்?"

"அது தினம் ரெண்டாவது வரும்ணே."

பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்ததிலிருந்து புது வண்டிகளில் கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்துவிட்டது. ஆனால் இங்கே ஓடுகிறவற்றில் பழைய வண்டிகள் ஏராளம். பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கும் இந்நாளில், ஊருக்குப் போன ஆள் திரும்புவதற்குள் ஃப்ளோட் சேம்பரில் ஈரம் இறங்கிப் பிசின் கட்டிவிடுகிறது. ஸ்லோ ஜெட்டின் துளை தலைமயிர் நுழையும் அளவுதான். அதைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மைலேஜ் போய்விடும். அல்ட்ராசானிக்கின் அருமை தெரிவது இந்த மாதிரிப் பொந்துகளில்தான்.

முப்பது லிட்டர் தொட்டி சுமாராக 50 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 20 ஆழம். 1955இல் இங்கிலாந்து என்ஃபீல்டும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கைகோத்த பிறகு திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின் எஞ்சினைப் பிரித்துப் போட அது வேண்டும். சில வருடம் முன்புவரை திருவொற்றியூர் எங்கள் மாவட்டம்தான் என்பதால் புல்லட் மேல் எனக்கும் பாசம் உண்டு. ஆனால் தம்பிக்கு வருவது 100, 125 சி.சி. வண்டிகள். ஹெட்டும் கார்புரேட்டரும் பத்து லிட்டரில் தாராளமாக உட்காரும். பொருள் தொட்டியில் பாதிக்கு மேல் அடைக்கக் கூடாது, அடித்தட்டைத் தொடவும் கூடாது. கம்பிக் கூடையில் தொங்க வேண்டும். விளம்பரப் படத்தை நம்பாமல், நாடாவை எடுத்து அவன் கழுவும் பொருளிலேயே பெரியதை அளந்தோம்.

இன்னொரு கணக்கும் உண்டு. முப்பது லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறக்குறைய ஒரு யூனிட் கரன்ட் ஆகும். 500 வாட் ஹீட்டர் என்றால் இரண்டு மணி நேரம். ஒரு கார்புரேட்டர் கழுவ இரண்டு மணி நேரம் அடுப்பு மூட்டுவதா? காலையில் கொதிநீர் கலந்து ஊற்றிவிட்டால் பாதி நேரம் மிச்சம், ஆனாலும் சிறிய தொட்டியே சீக்கிரம் சூடாகும்.

வாட் விஷயத்தில்தான் ஏமாறுவோம். ஹீட்டர் வாட்டையும் அதிர்வு வாட்டையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போட்டிருப்பார்கள். பெட்டிக்கு அடியில் எத்தனை டிரான்ஸ்டியூசர் என்று கேட்கச் சொன்னேன். இந்த வகைப் பெட்டிகளில் ஒன்றுக்கு 50, 60 வாட். பத்து லிட்டருக்கு நான்கு இருந்தால் 240 வாட், அது நியாயமான அளவு. இரண்டை ஒட்டிவிட்டு 500 வாட் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம். அதிர்வெண்ணைப் பொறுத்தவரை எஞ்சின் பாகங்களுக்கு 40 கிலோஹெர்ட்ஸ் போதும். 28 என்றால் குமிழி பெரிது, அடி பலம். கனத்த அழுக்கை உடைக்கும், ஆனால் காதைக் குடையும் சத்தம் போடும். 80க்கு மேலே போனால் குமிழி பொடியாகிவிடும். அது நுணுக்கமான பொருளுக்கு, கிரீஸுக்கு அல்ல.

ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரயில் பிடித்துச் சென்னைக்குப் போனோம். ஸ்டேஷன் பக்கத்து பிரியாணிக் கடையில் பொட்டலம் கட்டும் அலுமினியத் தாளில் இரண்டு முழம் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மெஷின் விற்கும் கடையில், தண்ணீர் ஊற்றி ஓடவிடச் சொன்னேன். புதுத் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும். பத்து நிமிடம் சும்மா ஓடி அது வெளியேறினால்தான் குமிழிக்குப் பலம் வரும். கடைக்காரர் சலித்துக்கொண்டார். பிறகு தாளைச் செங்குத்தாகத் தொட்டிக்குள் இறக்கி ஒரு நிமிடம் பிடித்தேன்.

முதல் பெட்டியில் தாளின் நடுவே மட்டும் இரண்டு ஓட்டை. ஓரங்கள் வாங்கியபடியே வழவழப்பாக இருந்தன. ஓரத்தில் தொங்கும் பொருளுக்கு அங்கே குளியல் கிடையாது என்று அர்த்தம். இரண்டாவது பெட்டியில், தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது மேலிருந்து கீழ்வரை அம்மை வார்த்த முகம்போலப் புள்ளி புள்ளியாகக் குழி. தம்பி விரலால் தடவிப் பார்த்தான். "இதுண்ணே" என்றான். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. கடைக்காரர் மீதித் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்.

பெட்டி வந்த அன்றே அவன் செய்யப் பார்த்த காரியம், வாளியிலிருந்த மண்ணெண்ணெயை அதில் ஊற்றுவது. கையைப் பிடித்துத் தடுத்தேன். மண்ணெண்ணெய் ஆவி தீப்பிடிக்க 38 டிகிரி சூடு போதும். அக்னி நட்சத்திரத்தில் தகரக் கூரைக்கு அடியில் அது தானாகவே வந்துவிடும். அதை ஹீட்டரும் மின்சுற்றும் உள்ள பெட்டியில் ஊற்றி அதிரவிட்டால், கழுவும் மெஷின் வெடிக்கும் மெஷின் ஆகிவிடும். பெட்ரோலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சோடாக்காரமும் கூடாது. இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. இருபது வருடம் முன்பு என் பழைய வண்டியின் கார்புரேட்டரை, கம்பெனியில் இரும்பைக் கழுவுகிற ஞாபகத்தில் காஸ்டிக் கரைசலில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது சோடா பாட்டில் உடைத்தது மாதிரி நுரை. எடுத்துப் பார்த்தால் கரிக்கட்டை நிறம், ஜெட் இறங்கும் மரை பாதி கரைந்திருந்தது. அலுமினியத்தையும் துத்தநாகத்தையும் காரம் தின்னும், தின்னும்போது ஹைட்ரஜனை விடும். அலுமினியத்துக்கு ஆகும் என்று எழுதியிருக்கும் மிதமான சோப்புநீர், 50 முதல் 60 டிகிரி சூடு, ஐந்து பத்து நிமிடம். எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டுமானால் மறுபடியும் ஐந்து நிமிடம். கொதிக்கக் கொதிக்க வைத்தால் நல்லது என்று நினைக்கக் கூடாது. கொதிநிலையை நெருங்கினால் குமிழிக்குள் ஆவி நிரம்பி மெத்தைபோல் ஆகிவிடும், அடி விழாது.

மெஷினுக்கு முடியாததையும் சொல்லி வைத்தேன். பிஸ்டன் தலையில் சுட்டு இறுகிய கரியை அது முழுசாக எடுக்காது. பழைய கேஸ்கட் பசையும் அப்படித்தான். மேல் அழுக்கைச் சுரண்டி, பனியன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டே உள்ளே போட வேண்டும். ரப்பர் டயஃப்ரம், ஓ ரிங், பிளாஸ்டிக் ஃப்ளோட், வயர் சமாசாரம் எல்லாம் வெளியே. சீல் போட்ட பேரிங் கூடவே கூடாது. உள்ளே இருக்கும் கிரீஸ் கழன்று அழுக்கு குடியேறும். இன்ஜெக்டரை வெறுமனே போட்டுப் பயனில்லை, மூடிய வாய் மூடியபடியே இருக்கும். மின்துடிப்பு கொடுத்துத் திறந்து மூடவைக்கும் தனிக் கருவி அதற்கு உண்டு. வெளியே எடுத்தபின் ஒவ்வொரு துளையிலும் நல்ல தண்ணீர் விட்டு, கம்ப்ரஸர் காற்று அடித்து, இரும்புப் பாகத்துக்கு உடனே எண்ணெய் தடவ வேண்டும். குமிழி பெயர்த்த மணல் துளைக்குள்ளேயே தங்கிவிட்டால், கழுவாமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும்.

நல்ல தண்ணீர் என்றேனே, அதற்கும் இங்கே பஞ்சம். தெற்கே மீஞ்சூர் பக்கம் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் கடல் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. தம்பியின் கடை போர் தண்ணீரும் உப்புக் கரிக்கும். அதில் அலசினால் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். கடைசி அலசலுக்கு மட்டும் கேன் தண்ணீர் என்று முடிவானது.

ஒரு வாரம் கழித்துப் போனேன். தொட்டியைக் காலி செய்யும் நேரம். மேலே எண்ணெய்ப் படலம், அடியில் கருஞ்சேறு. அதைக் கொண்டுபோய்க் கடைக்குப் பின்னால் காலி மனையில் கொட்டப் போனான், வாளி மண்ணெண்ணெயை இத்தனை வருடமும் கொட்டிய அதே இடத்தில். ஒரு கார்புரேட்டரைத் தூக்கிக் காட்டினான், புது வெள்ளிப் பாத்திரம் மாதிரி. "பார்த்தீங்களாண்ணே, அழுக்கு எல்லாம் போயிடுச்சு!"

எங்கே போயிற்று? கார்புரேட்டரிலிருந்து தண்ணீருக்குப் போயிற்று. மனையில் கொட்டினால் மண்ணுக்குப் போகும், மண்ணிலிருந்து போர் தண்ணீருக்கு வரும். தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளின் அபாயக் கழிவுகளை வாங்கிப் புதைக்கும் நிலையம் எங்கள் சிப்காட்டிலேயே இருக்கிறது. எங்கிருந்தெல்லாமோ லாரி ஏறி அழுக்கு இந்த ஊருக்கு வந்து சேர்கிறது. பழைய எஞ்சின் ஆயிலும் சட்டப்படி அந்தப் பட்டியலில் உள்ளதுதான். ஆனால் ஒரு மெக்கானிக் கடையின் பத்து லிட்டர் கருந்தண்ணீரைத் தேடி எந்த லாரியும் வராது.

அவனிடம் ஒரு காலி ஆயில் கேனை எடுக்கச் சொன்னேன். மேலே மிதந்த எண்ணெயை வழித்து அதில் ஊற்றினோம். நடுவே தெளிந்த சோப்புநீரைத் துணியில் வடிகட்டி மறுபடியும் தொட்டிக்கே விட்டோம், இன்னும் சில நாள் உழைக்கும். அடிச் சேறும் கேனுக்குள். மூடி போட்டு, மார்க்கர் பேனாவால் 'அழுக்கு' என்று எழுதி மூலையில் வைத்தான்.

நேற்று இரவு போன் வந்தது. "அண்ணே, கேன் நிரம்பிடுச்சு. இப்ப என்ன பண்றது?"

எத்தனை லிட்டர் என்று அவன் கேட்டபோது எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அக்கம்பக்கத்து மெக்கானிக்குகள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பேரல் வைத்தால், உரிமம் பெற்ற ஆயில்காரர் யாரையாவது வரவழைக்கலாமா என்று இன்று காலையிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அதுவரை இன்னொரு கேன் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.