வேகம் யாருக்கு?

வீடியோ என்றாலே நாம் டவுன்லோட் வேகத்தைத்தான் பேசுகிறோம். சினிமா பார்க்க அது போதும். பந்தலூர் நோயாளியின் கண்ணை வெளியூர் டாக்டர் பார்க்க வேண்டுமென்றால்? படம் இங்கிருந்தல்லவா போக வேண்டும்! அதற்கு அப்லோட் வேகம் வேண்டும். அதுவும் நடுவில் அறுபடாமல்.

சுருக்காத எச்.டி. வீடியோவுக்கு நொடிக்குச் சுமார் 1500 மெகாபிட் தேவை. சுருக்கிவிட்டால் சில மெகாபிட்டே போதும். 2006-லேயே தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, பெர்க்லி பல்கலைக்கழகத்தார் மாற்றியமைத்த வைஃபையில், நொடிக்குச் சுமார் 6 மெகாபிட் வேகத்தில், 5 கிராமக் கண் மையங்களின் நோயாளிகளை வீடியோவில் பார்த்தது. அதற்கு ஆன்டெனாக்கள் நேருக்கு நேர் தெரிய வேண்டும். மலை மறைக்கும்தான், ஆனால் மலையுச்சியே கோபுரமாகவும் ஆகுமே!

முதலில் சுகாதார நிலையத்துக்கு அப்படியொரு இணைப்பு. 4கே சினிமா அப்புறம். நீங்க என்ன சொல்றீங்க?