ஈசூனில் தமிழைத் தேடுவோம்



தமிழ் எங்கே இருக்கிறது என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் பெரும்பாலோர் தேக்கா என்றுதான் சொல்கின்றனர். பூமாலை, தீபாவளி ஒளியூட்டு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், பள்ளியின் கற்றல் பயணம் எல்லாமே சிராங்கூன் சாலையில்தான். தாம் குடியிருக்கும் ஈசூனுக்கோ செங்காங்குக்கோ தமிழோடு ஏதேனும் உறவு உண்டு என்று அவர்கள் நினைப்பதில்லை. இது மொழிக்கு நல்லதன்று என்பது என் கருத்து.

இந்நிலைக்கு நகரத் திட்டமிடலும் ஒரு காரணம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் பேட்டைகளில் 1989ஆம் ஆண்டு இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடைமுறைக்கு வந்தது. இந்தியரும் பிறரும் சேர்ந்து ஒரு வட்டாரத்தில் 10 விழுக்காட்டையும், ஒரு புளோக்கில் 13 விழுக்காட்டையும் மிகக்கூடாது என்றனர். 2010இல் இவ்வரம்புகள் முறையே 12, 15 ஆக உயர்ந்தன. நூறு வீடுகள் கொண்ட புளோக்கில் இந்தியரும் பிறரும் பதினைந்து வீடுகளுக்கு மேல் இருக்க இயலாது. அவற்றிலும் மலையாளம் பேசுவோர், இந்தி பேசுவோர் எனப் பலர் உண்டு. தமிழ் வீடுகள் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இக்கொள்கையை நான் குறை கூறவில்லை. இனவாரியாகப் பிரிந்து வாழ்வதன் விளைவை 1964ஆம் ஆண்டுக் கலவரங்களில் கண்ட நாடு இது. ஆனால் பக்கத்து வீட்டுப் பாட்டியின் பேச்சிலிருந்து தானாகவே காதில் விழும் தமிழ், இத்தகைய பேட்டையில் குறைவு. வீட்டிலும் பள்ளியிலும் கிடைக்காவிட்டால் அந்தக் குழந்தைக்கு வேறெங்கும் கிடைக்காது.

வீட்டின் நிலையையும் பார்ப்போம். வீட்டில் தமிழையே மிகுதியாகப் பேசும் இந்தியர் 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 36.7 விழுக்காட்டினர். 2020இல் அது 27.3 விழுக்காடாகக் குறைந்தது, ஆங்கிலமோ 59.2 விழுக்காட்டை எட்டிவிட்டது.

இனி ஈசூனுக்கு வருவோம். ரப்பரும் அன்னாசியும் பயிரிட்ட செல்வந்தர் லிம் நீ சூன் அவர்களின் பெயரே மாண்டரின் ஒலிப்பில் ஈசூன் ஆயிற்று. அவருடைய மகன் பெயர்தான் சோங் பாங். செம்பவாங்கில் இருந்த சோங் பாங் கிராமம் மறைந்து, பெயர் மட்டும் ஈசூனுக்குக் குடிபெயர்ந்தது. தெருக்களுக்கோ 11, 21, 71 என்று எண்கள்தாம். எண்ணைப் பார்த்துப் பிள்ளை என்ன வரலாற்றைத் தெரிந்துகொள்ளும்?

ஆனால் வரலாறு இருக்கிறது; அதில் தமிழரும் இருக்கின்றனர். அருகிலுள்ள செம்பவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் பெரிய கப்பல் பழுதுபார்ப்புத் துறை 1938இல் திறக்கப்பட்டது. அங்கே தமிழரும் மலையாளிகளும் பெருந்தொகையினராக உழைத்தனர். குடும்பத்தோடு தளத்தின் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறின. அத்தளத்தின் பெயரைத் தாங்கிய நேவல் பேஸ் தொடக்கப்பள்ளியும் உயர்நிலைப்பள்ளியும் இன்று ஈசூனில் உள்ளன. செம்பவாங்கில் ஒரு மரத்தடியில் தொடங்கிய முருகன் வழிபாடு, இன்று ஈசூன் தொழிற்பேட்டையில் புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயமாக நிற்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே காவடி எடுப்போரைப் பார்த்த பிள்ளைகள் நம் வகுப்புகளில் பலர். அந்த ஆலயம் ஏன் தொழிற்சாலைகளுக்கு நடுவே இருக்கிறது என்று அவர்களிடம் எவரேனும் கேட்டதுண்டா? கேட்டுப் பாருங்கள், நல்லதொரு வாய்மொழிப் பயிற்சி கிடைக்கும். (தேர்வுக்கு உதவுமா என்று கேட்கும் பெற்றோருக்கு: உதவும்.)

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மின்தூக்கி, கீழ்த்தளம், ஈரச்சந்தை, உணவங்காடி நிலையம் என்று பேட்டை வாழ்க்கைக்குரிய சொற்கள் நம்மிடம் உண்டு. பிள்ளைகள் அவற்றைத் தேர்வுத்தாளில் எழுதுகின்றனர். ஆனால் மின்தூக்கிக்குள் நின்றுகொண்டு எவரும் அச்சொல்லைச் சொல்வதில்லை. 'நான் சென்ற திருவிழா' என்ற தலைப்பில் அழகாக எழுதும் தொடக்கநிலை நான்கு மாணவர், தம் புளோக்கின் கீழ்த்தளத்தில் நேற்று நடந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறார். திருவிழா ஆண்டுக்கு ஒரு நாள், கீழ்த்தளமோ நாள்தோறும்.

ஆகவே ஆசிரியர்கள் ஒரு கற்றல் பயணத்தையேனும் பள்ளி அமைந்த பேட்டையிலேயே நடத்தலாம். செலவும் இல்லை, பேருந்தும் வேண்டா. பெற்றோர் சோங் பாங் சந்தைக்குப் போகும்போது பிள்ளையை உடன் அழைத்துச் சென்று, மீன் வாங்கித் திரும்பும் வரை தமிழில் பேசலாம். முன்னாள் கடற்படைத் தள ஊழியர் எவரேனும் உங்கள் புளோக்கில் இருந்தால், பிள்ளைகளை அவரிடம் அனுப்பி அக்காலத்தைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அத்தலைமுறையினர் இப்போது எண்பதைக் கடந்துவிட்டனர். வரும் ஜூன் விடுமுறையிலேயே தொடங்கினால் நல்லது.